காயவைத்திருந்த ரோஸ் கார்டுப் பெட்டி

அன்றைக்குக் கம்ப்யூட்டர் மிஷின் ரூமில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். கணக்குப் பிரிவின் பொறுப்பாளர், கல்பாத்திக்காரர், எங்கள் எல்லோருக்கும் மேலே அவர்தான். புது மிஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த எஞ்சினியர், மெட்ராஸ்காரர், சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். இடுக்கி மலையிலிருந்து கார்டுப் பெட்டிகளோடு ஜீப்பில் இறங்கி வந்திருந்த தேயிலை எஸ்டேட் ஹெட் கிளார்க். நாலாவது ஆள் நான். மிஷினுக்குக் கார்டு ஊட்டுகிறவன், டேப் மாட்டுகிறவன், அச்சான தாளைக் கிழித்து அடுக்குகிறவன். பழைய மிஷினை ஏற்றிப் போக வந்த லாரிக்காரரையும் சேர்த்தால் ஐந்து. அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அன்றைக்கு நடந்ததில் அந்த ஹாரனுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் அறையில் இருந்தது. ரோஸ் நிறக் கார்டுகள் இருந்த ஒரு பெட்டி. ஜன்னலோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

முந்தாநாள், சம்பளக் கணக்குப் பார்க்கிற உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஆபீஸுக்குப் புது லேப்டாப்புகள் வந்திருக்கின்றன, உள்ளே இருக்கும் ப்ராசஸர் வேறு வகை, பழைய சம்பள சாஃப்ட்வேர் அதில் நேரடியாக ஓடாது, நடுவில் ஒன்று உட்கார்ந்து மொழிபெயர்த்து ஓட்டுகிறது என்று சொன்னீர்கள். "ஓட்டிப் பாத்தாச்சுங்க. டோட்டல் பைசா சுத்தமா வருது. பழசையெல்லாம் இந்த வாரமே திருப்பிக் குடுத்தர்றோம்" என்றீர்கள். நான் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். பயம் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், பூட்டினேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் அதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அது இங்கே வேண்டாம். மிஷின் ரூமிலும் அப்படித்தான். டேப்பை மாட்டுவேன், கழற்றுவேன், சரியான டேப்தானா என்று பார்ப்பேன், மறுபடி மாட்டுவேன். பொறுப்பாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

எழுபதுகளில் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலையில்தான் நான் வேலை பார்த்தேன். ஒரு அறை நிறைய நிற்கும் கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. தங்கள் கணக்குப் போக மீதி நேரத்தை வெளி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அப்படி வந்த பெரிய வாடிக்கை அந்த எஸ்டேட். மலையில் இருந்த ஆபீஸிலேயே ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கார்டு எடுத்து, அவருடைய எண், வேலை செய்த நாள், பறித்த கொழுந்தின் எடை எல்லாவற்றையும் துளைகளாகப் போட்டு அனுப்புவார்கள். பெட்டிகள் மறையூர், சின்னார், உடுமலை, பொள்ளாச்சி என்று சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்து சேரும். நாங்கள் சம்பளச் சீட்டுகளை அச்சடித்துக் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்புவோம். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று எங்கள் வாசலில் கொடி பிடித்த காலம் அது. எஸ்டேட்டில் யாரும் கொடி பிடிக்கவில்லை. அவர்கள் அந்த மிஷினைப் பார்த்ததே இல்லை.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அவர் மனைவியோ பிள்ளையோ அந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அதே எண்ணுக்கு முன்னால் ஏ என்ற இங்கிலீஷ் எழுத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். 148 இறந்துபோனால் அவர் மனைவி ஏ148. லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவர்களை ஏ பேர்க்காரர்கள் என்பார்கள். செத்தவருடைய எண் வீட்டை விட்டுப் போகவில்லை என்று அந்தக் குடும்பங்களுக்கு அதில் ஒரு ஆறுதல் என்று ஹெட் கிளார்க் ஒரு தடவை சொன்னார். மற்றவர்களோடு கலந்துவிடாமல் இருக்க அவர்களுக்கு மட்டும் ரோஸ் கார்டு. மற்ற எல்லோருக்கும் வெள்ளை.

பழைய மிஷினுக்கு உதிரி பாகம் கிடைப்பது நின்றுபோனது. நிர்வாகம் வேறொரு கம்பெனியின் மிஷினை வாங்கியது. உங்கள் புது லேப்டாப் மாதிரிதான். பழைய மிஷினுக்கு எழுதிய புரோகிராம் ஒன்றுகூடப் புதியதற்குப் புரியாது. எல்லாவற்றையும் புதிதாக எழுத அரை வருடம் ஆகும் என்றார் பொறுப்பாளர். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, சம்பளம் நிற்கக் கூடாது. அப்போதுதான் அந்த எஞ்சினியர் ஒரு சிமுலேட்டரைக் கொண்டுவந்தார். புது மிஷினுக்குள் பழைய மிஷின் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம்.

"நாடகத்துல ராஜா வேஷம் கட்டறாங்க இல்ல, அந்த மாதிரி பிரதர்" என்று எனக்கு விளக்கினார். "ராஜா மாதிரியே பேசும், ராஜா மாதிரியே நடக்கும். உங்க புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது."

"சண்டை வந்தாலும் ராஜா மாதிரியே நிக்குங்களா?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டேன். பொறுப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவனுக்கு வேஷம் கட்டினவனைப் பாத்தாலும் பயம், கட்டாதவனைப் பாத்தாலும் பயமாக்கும்."

சிமுலேட்டர் வேலை செய்தது, ஆனால் மெதுவாக. வேஷத்தோடு நடந்தால் அப்படித்தானே இருக்கும். முக்கியமாக, கார்டுகளை எண் வரிசையில் அடுக்குகிற வேலை அதில் முடியவே முடியாது போலிருந்தது. எஞ்சினியர் ஒரு வழி சொன்னார். அடுக்குகிற வேலையை மட்டும் புது மிஷின் தன் சொந்த முறையில் செய்யட்டும், கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். அடுக்கி முடித்ததைச் சிமுலேட்டரிடம் கொடுத்தால் சம்பளக் கணக்கைப் பழைய புரோகிராம் போடட்டும். நல்ல யோசனைதான். பொறுப்பாளருக்கும் பிடித்தது. இன்றைக்கு என்னைக் கேட்டாலும் அந்த யோசனையில் மடத்தனம் எதுவும் இல்லை என்றுதான் சொல்வேன்.

அன்றைக்குச் சோதனை. ஒரே கார்டுகளைப் பழைய மிஷினிலும் ஓட்ட வேண்டும், புதியதிலும் ஓட்ட வேண்டும், இரண்டும் ஒன்றாக வந்தால் பழையதை லாரியில் ஏற்றலாம். ஹெட் கிளார்க் பெட்டிகளை இறக்கும்போதே சொன்னார்:

"இந்த ரோஸ் பெட்டி மட்டும் ஈரம் புடிச்சிட்டு சார். சின்னார் தாண்டி ஒரே மழ. தார்ப்பாய் கிழிஞ்சு கெடந்தத நான் பாக்கல."

ஈரக் கார்டை மிஷினில் விட முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மாட்டும், பல்லைக் கொண்டு கிழித்தது போலக் கிழியும். கட்டைப் பிரித்து ஜன்னலோரம் பரப்பி வைத்தோம்.

"அது காயட்டும். வெள்ளையை ஓட்டலாம்" என்றார் பொறுப்பாளர்.

வெள்ளையை ஓட்டினோம். பழைய மிஷினில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை. இரண்டு கட்டுத் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொறுப்பாளரும் ஹெட் கிளார்க்கும் வரி வரியாகப் பார்த்தார்கள். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'வேலையை விட்டவர்கள்' என்று ஒரு பட்டியல் வந்தது. ஒரு மாதம் ஒருவருக்குக் கார்டே வராவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டார் என்று கணக்கை மூடிவிடும்படி அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. ரோஸ் கார்டுகள் போடவில்லை அல்லவா, ஏ பேர்க்காரர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இரண்டு மிஷினிலும் அதே பெயர்கள். வெறும் சோதனைதானே, அப்படித்தான் வரும் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

வாசலில் ஹாரன். கொல்லங்கோட்டில் வேறு சுமை ஏற்ற வேண்டும், நிற்கிற நேரத்துக்கெல்லாம் யார் காசு கொடுப்பது என்று லாரிக்காரர் சத்தம் போட்டார். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங்க சார், அந்த ரோஸ் பெட்டி காஞ்சதும் அதையும் ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்பலாமுங்களே."

"எதுக்குடா?"

எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அதில் ஏதாவது தெரிந்திருந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஒன்றும் தெரியாது. பாக்கி இருக்கிற எதைப் பார்த்தாலும் எனக்குப் பயம், அவ்வளவுதான். அன்று காலையிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டவை: மின்சாரம் போனால் என்ன செய்வது, புது மிஷினின் சக்கரம் தரையில் பதிந்துவிடாதா, எலி கடித்தால், எஞ்சினியருக்கு உடம்பு சரியில்லாமல் போனால். அத்தனையோடு இதுவும் ஒன்றாகப் போய்விட்டது.

பொறுப்பாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டயா, வெள்ளையும் ரோஸும் கலர்தான் வேற. துளை ஒண்ணுதான். மிஷினுக்குக் கலர் தெரியாது. போ, லாரிக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வாயை மூடு" என்றார். சோதனை சரி என்று எஞ்சினியர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். நாலைந்து பேர் பலகை போட்டு உருட்டிப் பழைய மிஷினை ஏற்றினார்கள். கணக்கெல்லாம் பதிந்திருந்த அதனுடைய டேப் சுருள்கள் மட்டும் எங்கள் அலமாரியில் நின்றன. அந்த டேப்பைப் படிக்கிற பெட்டியும் லாரியில் போய்விட்டது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மதியம் சாய்ந்ததும் ரோஸ் கார்டுகள் காய்ந்திருந்தன. வெள்ளையோடு சேர்த்து நிஜமான சம்பளக் கணக்கை ஓட்டினோம். எங்கும் நிற்கவில்லை, எதுவும் மாட்டவில்லை. மொத்தத் தொகை ஹெட் கிளார்க் மலையில் கையால் கூட்டி வைத்திருந்ததோடு அப்படியே பொருந்தியது. கடைசிப் பக்கங்களில் அதே வேலையை விட்டவர்கள் பட்டியல். காலையில் பார்த்த அதே பட்டியல், கண்ணுக்குப் பழகியிருந்தது. அதற்கு அடுத்து 'புதிதாகச் சேர்ந்தவர்கள்' என்று இன்னொன்று. நான் கிழித்தேன், அடுக்கினேன், கட்டினேன். ஹெட் கிளார்க் சந்தோஷமாக ஆளுக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் கணக்குச் சரியாகவே ஓடியது. இதை நன்றாகக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் சரி.

ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் முடிகிற சமயம். எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. ஹெட் கிளார்க் இறங்கினார், பின்னாலேயே ஒரு அம்மாள் இறங்கினாள். அறுபதுக்குப் பக்கத்தில் வயது, தலையில் துண்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு இருமல். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள். உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டாள் என்று ஹெட் கிளார்க் சொன்னார். பெயர் பேச்சியம்மாள்.

"வேண்டாம்னேன் சார், கேக்க மாட்டேங்கா" என்றார் பொறுப்பாளரிடம். "சர்வீசுக்கு உண்டான கிராஜுவிட்டிப் பணத்துக்கு வந்து நின்னா. லிஸ்ட்டுல இவளுக்கு ஒண்ணும் இல்ல, அஞ்சு வருசம் ஆகலன்னு இருக்கு. மிஷினு அப்பிடித்தான் சொல்லுது தாயின்னேன். அப்ப என்னய அதுகிட்டயே கூட்டிட்டுப் போங்கன்னு ஜீப்புல ஏறி உக்காந்துட்டா. எறங்குன்னா எறங்க மாட்டேங்கா."

பேச்சியம்மாள் அதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். செருப்பை வாசலில் கழற்றியிருந்தாள். புது மிஷினை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதானாய்யா அது?"

"ஆமாங்கம்மா" என்றேன்.

அவள் அதன் முன்னால் போய் நின்றாள். "ஏ நூத்தி நாப்பத்தெட்டு வந்துருக்கேன். எங்க வீட்டுக்காரு செடி கவ்வாத்து வெட்டப் போன எடத்துல மரம் விழுந்து செத்தாரு. பதினாறு கும்பிட்டு முடிச்சு மறுநா காலையில கூடையக் கட்டிட்டு அவரு எடத்துல போயி நின்னேன். அன்னையிலருந்து நிக்கேன். என்னய முந்தாநேத்து வந்தவன்னு சொன்னியாமே? வாயத் தொறந்து சொல்லு."

மிஷினில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னய்யா, கண்ணச் சிமிட்டுது, பேச மாட்டேங்கு?"

சிரிப்பு வரவேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

"அது பேசாதும்மா" என்றார் பொறுப்பாளர். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவளுடைய கணக்கை அச்சடித்துப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்தது என்ற இடத்தில் நாங்கள் மிஷின் மாற்றிய அந்த மாதம் இருந்தது. மற்ற ஏ பேர்க்காரர்களுடையதையும் எடுக்கச் சொன்னார். எல்லோருக்கும் அதே மாதம். வீட்டில் ஒருவர் இறந்த கையோடுதான் ஒவ்வொருவரும் வேலைக்கு வந்திருப்பார்கள், அத்தனை பேர் வீட்டிலும் ஒரே மாதத்தில் சாவு விழுந்தது போல இருந்தது அந்தத் தாள்.

பொறுப்பாளர் கைக்குக் கிடைத்த வெள்ளைக் கார்டு கொஞ்சம், ரோஸ் கார்டு கொஞ்சம் எடுத்துக் கலக்கி என்னிடம் கொடுத்தார். "அடுக்கச் சொல்லுடா." புது மிஷினில் போட்டு, அடுக்கிய வரிசையை அச்சடித்தேன். எண் மட்டும் இருப்பவர்கள் மேலே, ஏ போட்டவர்கள் கடைசியில்.

"பழசுல இவா எங்கேடா இருப்பா?"

"மேலேங்க சார். முதல்ல ரோஸ்தானுங்க வரும். எப்பவுமே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். பழைய மிஷினைச் செய்தவர்கள் எழுத்து முன்னால், எண் பின்னால் என்று வைத்திருந்தார்கள். புதியதைச் செய்தவர்கள் எண் முன்னால், எழுத்து பின்னால் என்று வைத்திருந்தார்கள். இரண்டும் தப்பில்லை. ஒரு கையில் போன மாதத்துப் பட்டியல், மறு கையில் இந்த மாதத்துக் கார்டு, இரண்டையும் மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போகும் எங்கள் சம்பளப் புரோகிராம். போன மாதத்துப் பட்டியல் பழைய மிஷின் அடுக்கியது, அதில் ஏ பேர்க்காரர்கள் தலைமாட்டில். கார்டுகள் புது மிஷின் அடுக்கியவை, அதில் அவர்கள் கால்மாட்டில். புரோகிராம் முதலில் ஏ பேர்க்காரர்களைப் பார்த்தது, கார்டு இல்லை, வேலையை விட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொருவர் கணக்காக மூடியது. கடைசியில் அவர்கள் கார்டு வந்தபோது, இப்படி யாரும் நம்மிடம் இல்லையே, புது ஆள் என்று எழுதிக்கொண்டது. சம்பளம் எல்லோருக்கும் உண்டு. மொத்தம் பொருந்தும். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு கையிலும் புது மிஷினின் வரிசைதான், பிறகு எந்தக் கோளாறும் வராது. ஒரே ஒரு தடவை, அந்த ஒரு மத்தியானம், புருஷனையோ தகப்பனையோ பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து அவர்களுடைய பழைய வருடங்களை அழித்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

"தாயி, தப்பு எங்க பேர்ல" என்றார் பொறுப்பாளர். "சரி பண்ணித் தரோம்."

சரி பண்ண வேண்டுமானால் அவள் சேர்ந்த தேதி வேண்டும். அது பழைய டேப்பில் இருந்தது. டேப் அலமாரியில் இருந்தது. புது மிஷினில் மாட்டினால் அது படிக்காது. டேப்பில் எழுதுகிற முறையே வேறு. மாற்றுகிற மாதம் போன மாதத்துப் பட்டியலைக் கார்டுகளில் துளைத்துத்தான் புதியதில் ஏற்றியிருந்தோம், அந்தக் கார்டுகள் அப்போதே எடைக்குப் போய்விட்டன. கையில் இருக்கிறது, கண் முன்னால் இருக்கிறது, அந்தச் சுருளுக்குள் அவளுடைய வருடங்கள் அத்தனையும் இருக்கின்றன, யாராலும் எடுக்க முடியவில்லை. மலையில் இருந்த ஆள் வருகை எழுதும் பழைய செக்ரோல் புத்தகங்களை, இனி எல்லாம் மிஷினில் இருக்கிறதே என்று ஸ்டோர் ரூமுக்குத் தள்ளியிருந்தார்கள், கரையான் தின்றுவிட்டிருந்தது.

வேலையில் இருந்த மற்ற ஏ பேர்க்காரர்களுக்கு ஒரு வழி பிறந்தது. பொறுப்பாளர் அந்த மாதச் சம்பளக் கணக்கை ஓட்டவே மறுத்தார். தேதி வராமல் மிஷினைத் தொட மாட்டேன் என்றார். சம்பளம் தள்ளிப்போனால் எஸ்டேட்டில் கலவரம் ஆகும் என்று நிர்வாகம் கத்தியது. ஆகட்டும் என்றார். ஹெட் கிளார்க் லயம் லயமாகப் போய், யார் எப்போது இறந்தார், எந்தத் திருவிழாவுக்கு முன்னால், எந்த மழைக்குப் பின்னால் என்று கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சியோடு எழுதி வாங்கி வந்தார். எஸ்டேட் அதை ஏற்றுக்கொண்டது.

பேச்சியம்மாள் விஷயத்தில் ஏற்கவில்லை. அவள் ஏற்கெனவே வேலையை விட்டவள். விட்ட அன்றைக்கே, கணக்கு முடிந்தது, இனி பாக்கி எதுவும் இல்லை என்ற தாளில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். அந்த மாதக் கூலிக்கென்று நினைத்து வைத்தேன் என்றாள் அவள். பக்கத்து வீட்டுச் சாட்சி போதாது, டேப்பில் இருக்கிறது என்றால் டேப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றது எஸ்டேட்.

பழைய மிஷின் இன்னும் ஓடுகிற இடம் பெங்களூரில் ஒன்று இருந்தது. பொறுப்பாளர் லீவு போட்டு, அந்தச் சுருளை வேட்டியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். படித்துத் தருகிறோம், ஆனால் கணக்குக்குச் சொந்தக்காரர்கள் எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட் எழுதித் தரவில்லை. கைநாட்டு இருக்கும்போது நாங்கள் எதற்குக் கேட்க வேண்டும் என்றது. புது மிஷின் கம்பெனி, சிமுலேட்டர் சரியாக இருக்கிறது, அடுக்குகிற புரோகிராமும் சரியாக இருக்கிறது என்றது. அது உண்மைதான். எங்கள் முதலாளி பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "நம்ம தப்புன்னு வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க. நாளைக்கு எவன் நம்மகிட்டக் கணக்குக் குடுப்பான்?" என்றார். பொறுப்பாளர் வாய் தவறவில்லை, தாளில் எழுதியே கொடுத்தார். அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஆணியும் திருகும் எண்ணிக்கொண்டிருந்தார், பிறகு தானே நின்றுவிட்டார்.

நாங்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டி ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தனுப்பினோம். அடுத்த ஜீப்பில் கவர் பிரிக்காமல் திரும்பி வந்தது. அவள் சொன்னதை ஹெட் கிளார்க் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "பிச்சையா கேட்டேன்? அவரு எடத்துல நான் நின்ன வருசத்தக் கேட்டேன்."

அவ்வப்போது ஹெட் கிளார்க்கிடம் கேட்பேன். "டேப்பு பேசிச்சான்னு கேக்கா" என்றார் ஒரு தடவை. "லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாக, மக வீட்டுல ஒண்டிக் கெடக்கா" என்றார் இன்னொரு தடவை. அதற்கு அடுத்த தடவை நான் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டினார். மார்ச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஜீப்பின் பின்பக்கம் பெட்டிகள் இருந்தன. இருவருமாக இறக்கினோம். ரோஸ் பெட்டியை நான் எடுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், அலுவலகத்தில் வழக்கமான வகையில் சேராத ஆட்கள் யார் என்று பாருங்கள். நடுவில் வேலையை விட்டு மறுபடி சேர்ந்தவர்கள், பெயர் மாறியவர்கள், யாருடைய இடத்திலோ வந்தவர்கள். அவர்களை முதலில் ஓட்டிப் பாருங்கள். மொத்தம் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதாது, ஒருத்தர் ஒருத்தராகப் பாருங்கள். நடுவில் மொழிபெயர்க்கிறவன் ஒருவன், பக்கத்தில் சொந்த முறையில் வேலை செய்கிறவன் ஒருவன் என்று இரண்டு பேர் இருந்தால், ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாறுகிற இடத்தில் போய் நில்லுங்கள். பழையதைப் படிக்கிற கருவி ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். உங்களிலும் என்னைப் போலப் பயப்படுகிறவன் ஒருவன் இருப்பான். எல்லாவற்றுக்கும் பயப்படாதே, அன்றைக்கு எது பாக்கியோ அதை மட்டும் சொல், நகராமல் சொல் என்று அவனிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் அவனை டீ வாங்க அனுப்பாதீர்கள்.

எங்கள் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போன அன்று ஒரு துண்டுத் தாளில் பேச்சியம்மாளின் கிராஜுவிட்டிக் கணக்கைப் போட்டு என்னிடம் காட்டினார். அவள் கணவர் இடத்தில் நின்ற பதினான்கு வருடம், வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி, நாள் கூலி ஆறு ரூபாய். பேச்சியம்மாளின் மகள் இன்னும் மறையூர்ப் பக்கம்தான் இருக்கிறாள். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் வரவேண்டியது ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.